டர்பனில் பத்திரத்துக்குப் பயமில்லை, சுவருக்குத்தான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடலோரப் பழைய நகரங்களில் வீடு வாங்குவது பற்றி உங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையைத் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் உட்கார்ந்து போனில் படித்தேன். நம் ஊர்ப் பக்கத்து நகரங்களைப் பற்றிச் சொன்னதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. நடுவில் டர்பனுக்கென்று ஒரு பத்தி வருகிறதே, வீடு பிடித்துவிட்டால் முதலில் தரகர் தரும் தாளில் கையெழுத்துப் போட்டு வீட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளலாம், விசாரிப்பதெல்லாம் பிறகு நிதானமாகச் செய்யலாம் என்கிற மாதிரி, அதைப் படித்ததும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. அப்படிக் கையெழுத்துப் போட்டு மாட்டிக்கொண்டவன் நான்.

நான் திருநெல்வேலிக்காரன். வேலைக்காக இங்கே வந்து, இங்கேயே பெண் எடுத்து, பதினெட்டு வருஷம் ஆகிறது. மனைவியின் குடும்பம் ஐந்து தலைமுறையாக டர்பன். 1860 நவம்பரில் சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு ட்ரூரோ கப்பல் வந்து இறங்கியதே, அதற்குப் பின்னால் வரிசையாக வந்த கப்பல்களில் ஏதோ ஒன்றில் வந்தவர்கள். எனக்கோ நம் ஊர்ப் புத்தி. வீடு வாங்குவது என்றால் தாய்ப்பத்திரம், முப்பது வருஷத்துக்கு வில்லங்கச் சான்று, பட்டா யார் பெயரில் இருக்கிறது, பங்காளி யாராவது கேஸ் போட்டிருக்கிறானா, இதைத்தான் துருவுவோம். சுவரைத் தட்டிப் பார்ப்பவர்கள் நம்மில் எத்தனை பேர்? இந்த ஊரில் கதை தலைகீழ்.

பத்திர விஷயத்தில் இங்கே நிம்மதியாகத் தூங்கலாம் என்றே சொல்வேன். டர்பன் சொத்துகள் பீட்டர்மரிட்ஸ்பர்க்கில் இருக்கும் டீட்ஸ் ஆபீஸில் பதிவாகின்றன. பெயர் மாற்றும் வேலையை அதற்கென்றே தேர்வு எழுதிய வக்கீல்தான் செய்ய முடியும், கன்வேயன்சர் என்பார்கள். முழுப் பணமும், கட்சிக்காரர் பணத்துக்கென்று அவர் தனியாக வைத்திருக்கும் டிரஸ்ட் கணக்கு வழியாகப் போகும், வெள்ளையில் பாதி கறுப்பில் பாதி என்ற பேச்சுக்கே இடமில்லை. விற்பவர் நகராட்சிக்கு வைத்திருக்கும் பாக்கியைக் கட்டிச் சான்று வாங்காமல் பெயர் மாறாது. அதற்கு மேலும் முந்தைய சொந்தக்காரருடைய பழைய பாக்கி ஏதாவது இருந்தால் புதிதாக வாங்கியவர் தலையில் அதைக் கட்ட முடியாது என்று 2017-ல் அரசியல் சாசன நீதிமன்றமே தீர்ப்பு சொல்லிவிட்டது. ஒரு வேடிக்கை, அந்த வக்கீலை வழக்கமாகத் தேர்ந்தெடுப்பவர் விற்பவர், அவருக்குக் கூலி கொடுப்பவர் நாம். பேங்க் கடன் வாங்கினால் அதற்கு இன்னொரு வக்கீல், அந்தக் கூலியும் நம்முடையதுதான். பத்திர வரி மட்டும் பரவாயில்லை. 2025 ஏப்ரலில் வந்த அட்டவணைப்படி 12,10,000 ரேண்ட் வரை வரியே கிடையாது, அதற்கு மேலே உள்ள தொகைக்கு 3 சதவீதத்தில் தொடங்குகிறது. 15 லட்சம் ரேண்ட் வீட்டுக்கு 8,700 ரேண்ட்தான் வரும். நம் ஊர் முத்திரைத்தாள் கட்டணத்தை நினைத்துப் பார்த்தால் கண்ணீர் வரும்.

சரி, மாட்டிக்கொண்ட கதைக்கு வருகிறேன்.

தரகர் நீட்டும் அந்தத் தாளுக்கு ஆஃபர் டு பர்ச்சேஸ் என்று பெயர். பெயரைப் பார்த்தால் ஏதோ விலை கேட்டு எழுதுகிற விண்ணப்பம் மாதிரி இருக்கும். நாம் கையெழுத்துப் போட்டு, விற்பவரும் போட்டுவிட்டால் அதுதான் விற்பனை ஒப்பந்தம், அதற்குப் பிறகு இன்னொரு அக்ரிமெண்ட் எல்லாம் வராது. மனம் மாறிவிட்டது என்று சொல்லிப் பின்வாங்க 1981-ஆம் வருஷச் சட்டம் ஒன்று ஐந்து நாள் அவகாசம் தருகிறது, ஆனால் அது 2,50,000 ரேண்டும் அதற்குக் குறைவும் விலையுள்ள வீடுகளுக்கு மட்டும். அந்த விலைக்குக் கடல் தெரிகிற வீடு இல்லை, கடலின் போட்டோதான் கிடைக்கும். அதே சட்டத்தின்படி எழுத்தில் இல்லாதது எதுவும் செல்லாது. "அதெல்லாம் ஓனர் சரி பண்ணிக் கொடுத்துவிடுவார் அங்கிள்" என்று தரகர் வாயால் சொன்னது எங்கள் வீட்டில் இன்றைக்கும் சரியாகவில்லை.

அப்புறம் அந்தத் தாளில் ஒரு வார்த்தை இருக்கும், ஃபுட்ஸ்டூட்ஸ். இங்கத்து ஆஃப்ரிகான்ஸ் மொழிச் சொல், இருக்கிறபடியே வாங்கிக்கொள்கிறேன் என்று அர்த்தம். கண்ணுக்குத் தெரியாத குறை பிறகு வெளிப்பட்டாலும் விற்றவரைக் கேட்க முடியாது. அவருக்கு அந்தக் குறை முன்பே தெரிந்து, ஏமாற்ற வேண்டுமென்றே மறைத்தார் என்று நிரூபித்தால் தவிர. எப்படி நிரூபிப்பது? 2022 பிப்ரவரியிலிருந்து, வீட்டில் என்னென்ன குறை இருக்கிறது என்று விற்பவர் ஒரு படிவத்தில் எழுதித் தர வேண்டும், தரகர் அதை வாங்கி ஒப்பந்தத்தோடு சேர்க்க வேண்டும் என்று சட்டம் வந்திருக்கிறது. நல்ல சட்டம்தான். எங்களுக்கு வந்த படிவத்தில் கூரை ஒழுகுகிறதா, இல்லை, சுவரில் விரிசல், இல்லை, ஈரம், இல்லை. வரிசையாக இல்லை இல்லை என்று டிக் அடித்திருந்ததை நானும் பரவாயில்லையே என்று பார்த்துச் சந்தோஷப்பட்டேன். ஒரு குறையும் இல்லாத எழுபது வருஷ வீடு உலகத்தில் உண்டா என்று அன்றைக்குத் தோன்றவில்லை.

2023-ல் வாங்கினோம். அம்பிலோ பக்கம் மேட்டில், சிவப்புச் செங்கல், மார்செய் ஓடு, முன்னால் நீளமான திண்ணை மாதிரி வராந்தா, உள்ளே ஓரிகன் பைன் பலகைத் தரை. வராந்தாவில் நின்றால் மரங்களுக்கு நடுவில் துறைமுகத்தின் கிரேன்கள், அதற்கு அந்தப் பக்கம் ஒரு கோடு கடல். அந்த ஒரு கோட்டுக்குத்தான் விழுந்தேன். சனிக்கிழமை மதியம் பார்த்தோம், இன்னும் இரண்டு பேர் கேட்கிறார்கள் என்று தரகர் சொன்னார், காரின் பானட் மேல் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டேன். மாமியார், "மழை நாளில் ஒரு தடவை வந்து பார்" என்றார். கேட்கவில்லை.

முதல் பெரிய மழையில் பின்பக்கத்து மண் தாங்கும் சுவர் வயிறு தள்ளியது. டர்பனின் மேட்டுப் பகுதியெல்லாம் பழைய மணல் மேடு, சிவப்பு மணல், தண்ணீர் குடித்தால் கனத்துக்கொண்டு நகரும். சுவரில் தண்ணீர் வடிய ஓட்டைகள் விட்டிருப்பார்கள், எங்கள் சுவரில் அந்த ஓட்டைகள் மேலேயே யாரோ அழகாகப் பூசி வெள்ளையடித்திருந்தார்கள். பிறகு வந்து பார்த்த இன்ஜினியர், இது 2022 ஏப்ரல் மழையிலேயே நகர்ந்த சுவர் என்றார். அந்த ஏப்ரல் உங்களுக்கு நினைவிருக்கலாம், சில இடங்களில் ஒரே நாளில் 300 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டி, 400-க்கும் அதிகமானோர் செத்துப்போனார்கள், மேட்டு வீடுகள் மண்ணோடு இறங்கின. ஒரு வருஷம்கூட ஆகாத காயத்துக்கு மேல் சுண்ணாம்பு அடித்து எங்களிடம் விற்றிருக்கிறார்கள். விற்றவர்கள் வெளிநாடு போய்விட்டார்கள். வக்கீலைக் கேட்டேன், நிரூபிக்கிற செலவில் சுவரையே கட்டிவிடலாம் என்றார். கட்டினோம். ஒரு சின்னக் கார் விலை.

தரை வேறு. கறையான் நமக்குத் தெரிந்த எதிரி, இங்கே பைன் மரத்துக்குள் உளு ஒன்று இருக்கிறது, புழுவாக வருஷக்கணக்கில் உள்ளேயே தின்றுகொண்டிருக்கும், மேலே ஒன்றும் தெரியாது, ஒரு நாள் நகம் அளவு முட்டை வடிவ ஓட்டை போட்டுக்கொண்டு வண்டாகப் பறந்து போய்விடும். அதனால் இந்தக் கடலோரத்தில் விற்பவர், மரத்தில் வண்டு இல்லை என்கிற பீட்டில் சர்டிபிகேட் எடுத்துத் தருவது வழக்கம். வழக்கம்தான், சட்டம் இல்லை. ஒப்பந்தத்தில் எழுதினால் உண்டு, எழுதாவிட்டால் இல்லை. எங்களுடையதில் எழுதியிருந்தது, சான்றும் வந்தது, போய்ச் சேர முடிகிற இடங்களை மட்டும் பார்த்தோம் என்று பொடி எழுத்தில் ஒரு வரியோடு. பலகைக்கு அடியில் யார் போய்ச் சேர்ந்தார்கள்? மின்சாரத்துக்கு மட்டும் சட்டப்படியே சான்று வேண்டும், பெயர் மாறும்போது அது இரண்டு வருஷத்துக்கு மேல் பழசாக இருக்கக் கூடாது.

இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டிக்கொள்ளலாமே என்று என் அண்ணன் ஊரிலிருந்து போனில் யோசனை சொன்னார். முடியாது. 60 வருஷத்துக்கு மேற்பட்ட எந்தக் கட்டடத்தையும் மாகாணப் பாரம்பரிய அமைப்பின் அனுமதி இல்லாமல் இடிக்கவோ மாற்றவோ கூடாது என்று 1999-ஆம் வருஷத் தேசியச் சட்டம் சொல்கிறது. அரண்மனையாக இருக்க வேண்டும் என்பதில்லை, அறுபது தாண்டிய சாதாரண வீட்டுக்கும் இதுதான். சட்டத்தோடு எனக்குச் சண்டை இல்லை, அந்த வராந்தாவை யாராவது இடித்தால் எனக்கே வயிறு எரியும். ஆனால் வாங்குமுன் ஒருவர் சொல்லியிருக்கலாம்.

கட்டுரையில் கடற்கரை ஓரத்து ஃபிளாட்களைப் புகழ்ந்திருந்தீர்கள். பால்கனியின் அடிப்பக்கத்தை அண்ணாந்து பாருங்கள். உப்புக் காற்று கான்கிரீட்டுக்குள் புகுந்து கம்பி துருப்பிடித்தால், துரு கம்பியைவிடப் பல மடங்கு இடம் எடுத்துக்கொண்டு கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். இங்கே கான்கிரீட் கேன்சர் என்கிறார்கள். அதைச் சரிசெய்கிற செலவு எல்லா வீட்டுக்காரர்களுக்கும் பங்கு பிரித்து, மாதாந்திரப் பராமரிப்புக் கட்டணமான லெவிக்கு மேலே ஸ்பெஷல் லெவி என்று வந்து நிற்கும். குடியிருப்போர் அமைப்பு பத்து வருஷப் பராமரிப்புத் திட்டமும் அதற்கென்று தனி நிதியும் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். அந்தத் திட்டத்தையும் கடைசி இரண்டு ஆண்டுக் கூட்டக் குறிப்புகளையும் கேட்டு வாங்கிப் படியுங்கள். கூட்டத்தில் யார் யாரைத் திட்டினார்கள் என்பதிலேயே கட்டடத்தின் உடம்பு தெரிந்துவிடும்.

ஆற்றோரம் என்றால் இன்னும் கவனம். உம்கேனி ஆறு 1917-ல் பெருகியபோது கரையில் காய்கறி போட்டுக்கொண்டிருந்த நம் ஆட்கள் எத்தனையோ பேர் போனார்கள். மாரிமுத்து படவட்டன் என்ற மீனவரும் அவரோடு ஐந்து பேரும் படகில் திரும்பத் திரும்பப் போய் நூற்றுக்கும் மேற்பட்டவர்களை மீட்டார்கள், படவட்டன் சிக்ஸ் என்று இன்றும் பெயர். 1976-ல் அதே ஆறு டின் டவுன் தகர வீடுகளை மூழ்கடித்து, அந்த ஜனங்களை ஃபீனிக்ஸுக்கு மாற்றினார்கள். ஆற்றுக்கு ஞாபகம் அதிகம், தரகருக்குக் குறைவு.

பத்திரத்துக்குப் பயமில்லை என்றேன். ஆனால் பத்திரத்தைப் படித்தேன், பழக்க தோஷம். பழைய பிரதி ஒன்றை வாங்கிப் பார்த்ததில், இந்த மனையில் ஏசியாட்டிக், அதாவது நம்மைப் போன்ற ஆசியர், யாரும், வீட்டு வேலையாளாக இருந்தாலொழிய, குடியிருக்கக் கூடாது என்று ஒரு நிபந்தனை டைப் அடித்திருந்தது. எந்த இனத்தார் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டம் 1950-ல் வருவதற்கு முன்பே இப்படி மனைக்கு மனை எழுதி வைத்துக்கொண்டார்கள். அந்தச் சட்டம் 1991-ல் போய்விட்டது, இந்த மாதிரி நிபந்தனைக்கு இன்று செல்லுபடியும் இல்லை, வெறும் மை. என் மாமியார் பிறந்தது கடற்கரைக்குப் பக்கத்தில் இருந்த மேகஸின் பேரக்ஸில், நகராட்சித் தொழிலாளர் குடியிருப்பு. அறுபதுகளில் அத்தனை பேரையும் காலி செய்து, இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வர்த்துக்கு அனுப்பினார்கள், அதன் பிறகு கடல் சத்தம் கேட்டுத் தூங்கவில்லை என்பார். அவருடைய அம்மா இதே மேட்டில், எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, துணி துவைக்க வந்தவர். அந்த வரியைக் காட்டினேன். கண்ணாடி போட்டு இரண்டு தடவை படித்தார். "ஆயாவுக்கு மட்டும் பர்மிஷன் இருந்திருக்கிறது பார்" என்று சிரித்துவிட்டு, பின் சுவர் வேலை முடிந்ததா என்று கேட்டார்.

வெளிநாட்டிலிருந்து வாங்க நினைப்பவர்களுக்காக இரண்டு வார்த்தை. வெளிநாட்டவர் இங்கே வீடு வாங்கத் தடை இல்லை, ஆனால் வீடு வாங்கினால் விசா வந்துவிடாது. பணத்தை வெளியிலிருந்து பேங்க் வழியாகக் கொண்டுவந்து அந்த ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள், விற்கும்போது பணத்தை வெளியே எடுக்க அதைத்தான் கேட்பார்கள்.

ஆகவே ஐயா, அந்தப் பத்தியைத் தயவுசெய்து திருத்திப் போடுங்கள். கையெழுத்துக்கு முன்னால், நாம் பணம் கொடுத்து நியமிக்கிற ஆளை வைத்து வீட்டைச் சோதிக்க வேண்டும். அதற்கு நேரமில்லை என்றால், சோதனை அறிக்கை எனக்குத் திருப்தியாக இருந்தால் மட்டுமே இந்த ஒப்பந்தம் நடக்கும் என்று ஒரு வரியை அந்தத் தாளிலேயே எழுதி, இரண்டு தரப்பும் பக்கத்தில் சுருக்கக் கையெழுத்துப் போட வேண்டும். தரகர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும். என் மைத்துனர் மகன் உங்கள் பக்கத்தைப் படம் எடுத்து யாரிடமோ கொடுத்து மொழிபெயர்த்து வாங்கி வைத்திருக்கிறான், வருகிற சனிக்கிழமை பிளஃப் பக்கம் ஒரு வீடு பார்க்கப் போகிறான். நான் சொன்னால் கேட்க மாட்டேன் என்கிறான், பேப்பரில் வந்ததைத்தான் நம்புவானாம்.

இப்படிக்கு,
டர்பனிலிருந்து ஒரு வாசகன்