கிளட்ச் மாற்றிய பிறகு வந்த நடுக்கம்: என் மெக்கானிக் அண்ணனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். சென்ற மாதம் உங்கள் பட்டறையில் கிளட்ச் மாற்றிய சாம்பல் நிறப் பெட்ரோல் காரின் சொந்தக்காரன் எழுதுகிறேன். உங்கள் பெயரையோ பட்டறையின் பெயரையோ இங்கே குறிப்பிடப் போவதில்லை. ஒன்பது ஆண்டுகளாக அந்த வண்டியை உங்களைத் தவிர வேறு யாரிடமும் நான் விட்டதில்லை என்பது உங்களுக்கே தெரியும். நேரில் சொல்ல வந்தபோது பேச்சு தடித்துப்போனதால் எழுதுகிறேன். இதே நடுக்கத்தோடு வேறு ஊர்களில் வேறு பட்டறைகளின் வாசலில் நிற்பவர்களுக்கும் பயன்படட்டும் என்பதால் பொதுவில் எழுதுகிறேன்.

வண்டியை எடுத்துக்கொண்டு புறப்பட்ட அன்றே, முதல் சிக்னலில் நின்றபோது, உள்கண்ணாடியில் பின்னால் நின்ற பேருந்தின் பெயர்ப்பலகையைப் படிக்க முடியவில்லை. எழுத்துகள் கலங்கித் தெரிந்தன. ஸ்டீயரிங்கிலும் இருக்கையின் அடியிலும் ஒரு மெல்லிய உறுமல் இருந்தது. ஆக்சிலேட்டரைச் சற்று மிதித்து எஞ்சின் நிமிடத்துக்கு 1,500 சுற்றைத் தாண்டினால் அது அடங்கியது. ஏசி போட்டால் கூடியது. ரிவர்ஸ் கியரில் கிளட்சை விடும்போது அடியில் ‘டொக்’ என்று ஒரு சத்தம் கேட்டது. வேலைக்கு விடும் முன் இவற்றில் ஒன்றும் இல்லை.

இவ்வளவையும் முதல் நாளே உங்களிடம் நான் சொல்லியிருக்க வேண்டும். ‘வைப்ரேஷன் இருக்கிறது’ என்று மட்டும் சொன்னேன். எப்போது, எத்தனை சுற்றில், எந்தக் கியரில், நிற்கும்போதா ஓடும்போதா என்று சொல்லாமல் விட்டது என் பிழை, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீங்களும் கேட்கவில்லை, அண்ணா. ‘புது கிளட்ச், 500 கிலோமீட்டர் ஓடினால் செட் ஆகிவிடும்’ என்று சொல்லி அனுப்பினீர்கள். புதிய கிளட்ச் பிளேட்டும், அது பற்றிக்கொள்ளும் எஞ்சின் பக்கத்துச் சக்கரமான ஃப்ளைவீலும் ஒன்றோடொன்று பழகச் சிறிது ஓட்டம் தேவை என்பது உண்மைதான். அந்தப் பழக்கக் குறைவு, கிளட்சைப் பாதி விடுகையில் வண்டி உதறுவதில் தெரியலாம். கியர் நியூட்ரலில் இருக்க, கால் பெடலில் படாமல், வண்டி நின்ற இடத்தில் நிற்கும்போது தெரிவதற்கு அதில் காரணமே இல்லை. அந்த நிலையில் பிளேட் ஃப்ளைவீலோடு இறுகப் பிடித்துக்கொண்டு சேர்ந்தே சுற்றுகிறது. உங்கள் பேச்சை நம்பி விராலிமலை வரையும், ஒரு முறை மதுரை வரையும் ஓட்டிப் பார்த்துவிட்டு, 500 கிலோமீட்டர் கடந்த பிறகு திரும்பி வந்தேன்.

இரண்டாம் முறை வந்தபோது, ‘மிஸ்ஸிங் அடிக்கிறது சார்’, அதாவது ஒரு சிலிண்டர் சரியாக எரியவில்லை என்று சொல்லி, நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் மாற்றி, எஞ்சினுக்குக் காற்று போகும் வாயிலான த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்து 1,850 ரூபாய் வாங்கினீர்கள். என்னை அதிகம் வருத்தியது இதுதான். மிஸ்ஸிங் என்றால் அதை உறுதிசெய்து கொள்ள ஐந்து நிமிடம் போதும். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பெட்ரோலைத் தெளிக்கும் ஒவ்வொரு இன்ஜெக்டரின் கனெக்டரையும் முறைவைத்துக் கழற்றினால், நன்றாக வேலை செய்யும் சிலிண்டர் நிற்கும்போது எஞ்சின் தொய்ந்து உதறும். ஏற்கெனவே செத்த சிலிண்டரில் கழற்றினால் ஒரு மாற்றமும் தெரியாது. (பிளக்குக்கு மின்சாரம் தரும் காயிலைக் கழற்றிப் பார்ப்பதைவிட இது நல்லது, எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குப் போகாது.) ஸ்கேனர் மாட்டினால் பெரும்பாலும் அதிலும் ஒரு பிழைக் குறியீடு காட்டும். உங்கள் ஸ்கேனரில் ஒரு குறியீடும் இல்லை என்பதைப் பட்டறைப் பையன் எனக்குக் காட்டினான். ஆகவே அந்த நான்கு பிளக்குகளும் ஊகத்தின் பேரில் மாற்றப்பட்டவை. நடுக்கம் அப்படியே இருந்தது.

நான் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறவன். அன்றிரவு கைப்பேசியின் அதிர்வு அளக்கும் செயலியைத் திறந்து, கைப்பேசியை டாஷ்போர்டின் மேல் அசையாமல் படுக்கவைத்து, எஞ்சினை ஐடிலில், அதாவது ஆக்சிலேட்டரை மிதிக்காமல், ஓடவிட்டேன். நிமிடத்துக்கு 800 சுற்று என்றால் நொடிக்கு ஏறத்தாழ 13.3 சுற்று. நான்கு சிலிண்டர் எஞ்சினில் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை எரிதல் நிகழ்கிறது என்பதால், நொடிக்கு ஏறத்தாழ 27 துடிப்புகள் இயல்பானவை. ஒரு சிலிண்டர் மட்டும் சோம்பியிருந்தால், இரண்டு சுற்றுக்கு ஒரு முறை வரும் குறை என்பதால், செயலி வரையும் வரைபடத்தில் நொடிக்கு 6.7 பக்கம் ஒரு மேடு தெரிய வேண்டும். ஃப்ளைவீலோ, கிளட்ச் பிளேட்டை அதன்மேல் அழுத்தும் பிரஷர் பிளேட்டோ எடை சமனில்லாமல் பூட்டப்பட்டிருந்தால் சுற்றுக்கு ஒரு முறை, அதாவது 13.3 பக்கம், மேடு தெரிய வேண்டும். என் வரைபடத்தில் அந்த இரண்டு இடங்களிலும் சொல்லும்படியாக ஒன்றும் இல்லை. 27-இல் மட்டும் ஒரே உயரமான கோபுரம் நின்றது. (மூன்று சிலிண்டர் வண்டி வைத்திருப்பவர்கள் இதே 800 சுற்றுக்கு 20 என்று கணக்கிட வேண்டும், அவற்றில் ஐடில் நடுக்கம் இயல்பாகவே கொஞ்சம் கூடுதல்.) கிளட்சை முழுதாக மிதித்துப் பிடித்தும் பார்த்தேன். பிளேட்டும் கியர்பாக்ஸின் உள்தண்டும் நின்றுவிடும் அந்த நிலையிலும் கோபுரத்தின் உயரம் குறையவில்லை.

இதன் பொருள் எனக்குத் தெளிவாக இருந்தது. எஞ்சின் எப்போதும் துடிப்பது போலத்தான் துடிக்கிறது. முன்பு அந்தத் துடிப்பை உள்வாங்கிக்கொண்ட ஏதோ ஒன்று இப்போது அதை வண்டியின் உடம்புக்குக் கடத்துகிறது. கிளட்ச் மாற்ற வேண்டுமானால் கியர்பாக்ஸை இறக்க வேண்டும். கியர்பாக்ஸை இறக்க வேண்டுமானால் அந்தப் பக்கத்து மவுன்டிங்கை, அதாவது எஞ்சினையும் கியர்பாக்ஸையும் வண்டியின் உடம்போடு பிடித்திருக்கும் ரப்பர் தாங்கியை, கழற்ற வேண்டும். ஆகவே கை பட்ட இடத்திலேயே காரணமும் இருக்கலாம் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு உங்களிடம் வந்தேன். பானெட்டுக்குள் தலையை விட்டிருந்த நீங்கள் தாளை வாங்காமலே, ‘அப்படின்னா நீங்களே சரி பண்ணிக்கோங்க சார்’ என்றீர்கள். பக்கத்தில் நின்ற இரண்டு வாடிக்கையாளர்களின் முன்னால் தாளை நீட்டியது உங்களுக்கு அவமதிப்பாகப் பட்டிருக்கலாம். தனியாக அழைத்துப் பேசியிருக்க வேண்டும். அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். தாளில் எழுதியிருந்ததற்காக அல்ல.

அதன் பிறகு வண்டியை, அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். நான் சொன்னதை முழுதாகக் கேட்டுவிட்டு, என்னையே ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு தெரு சுற்றி வந்தார். பிறகு பாதுகாப்புக்காக ஒரு ஜாக்கியைக் கியர்பாக்ஸில் படாதபடி அதன் அடியில் நிறுத்திவைத்து, மவுன்டிங்கின் போல்ட்டுகளைக் கழற்றாமல் ஓரிரு சுற்று மட்டும் தளர்த்தினார். எஞ்சினைப் போடச் சொன்னார். பிராக்கெட் ஒரு விரல் தடிமன் அளவுக்குத் தானாகவே நகர்ந்து அமர்ந்ததை என் கண்ணால் பார்த்தேன். ஜாக்கியின் மேல் சாய்ந்து நின்ற எஞ்சினை அந்தச் சாய்விலேயே வைத்துப் போல்ட்டை இறுக்கியிருக்கிறார்கள். அதனால் ரப்பர் ஒரு பக்கமாக முறுக்கிக்கொண்டு ஓரத்தில் முட்டி, ரப்பராக இல்லாமல் கட்டையாக நின்றிருக்கிறது. எஞ்சினை நிறுத்தி, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சு வைத்து, கம்பெனி சொன்ன அளவுக்கு இறுக்கினார். இருபது நிமிட வேலை, ஒரு புதிய உதிரிப்பாகம்கூட இல்லை. அன்று மாலை சிக்னலில் உள்கண்ணாடியில் பின்னால் நின்ற லாரியின் எண்ணை முழுதாகப் படித்தேன்.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்று உடன் வேலை பார்க்கும் ஆசிரியர்கள் சொன்னார்கள். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேவைக் குறைபாட்டுக்கு இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்கலாம் என்பதும், 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். நான் போகப்போவதில்லை. கிளட்ச் வேலையைச் சுத்தமாகச் செய்திருக்கிறீர்கள். பெடல் இப்போது வெண்ணெய் போல இறங்குகிறது. பெரிய வேலையைச் சரியாகச் செய்த கை, கடைசி மூன்று போல்ட்டுகளில் அவசரப்பட்டிருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க நீங்கள் செய்ய வேண்டியிருந்தது, ஒரே ஒரு முறை என் பக்கத்து இருக்கையில் வந்து உட்காருவது மட்டுமே.

உங்களிடம் இரண்டு கோரிக்கைகள் உண்டு. பிளக்குகளை நான் பயன்படுத்துகிறேன், அவற்றின் விலையை எடுத்துக்கொள்ளுங்கள்; மீதியான த்ராட்டில் சுத்தம் செய்த கூலியைத் திருப்பித் தாருங்கள். அடுத்து, சென்ற மாதம் என் வண்டிக்கு முன்னும் பின்னும் கிளட்ச் மாற்றிப்போன வண்டிகள் இருக்கும். அவற்றின் சொந்தக்காரர்களுக்கு ஒரு போன் செய்து, சிக்னலில் நிற்கும்போது கண்ணாடி கலங்குகிறதா என்று கேளுங்கள். வரும் சனிக்கிழமை காலை 10 மணிக்கு, பட்டறையில் கூட்டம் சேரும் முன், வண்டியுடன் வருகிறேன். பெரியவர் தளர்த்தி இறுக்கிய மவுன்டிங்கை உங்களுக்கும் பையனுக்கும் காட்டுகிறேன். எஞ்சின் ஆயிலும் மாற்ற வேண்டியிருக்கிறது.

அன்புடன்,
சாம்பல் நிற வண்டிக்காரர்
திருச்சி