ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள்

அன்புள்ள நண்பா,

நலம், நலமறிய ஆவல். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. மூட்டு வலி, பேரப்பிள்ளைகள் வருகை, சோம்பல் என்று மூன்று காரணம் சொல்லலாம், மூன்றாவதுதான் நிஜம்.

"எல்லாரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள்தானே, அவன் எங்கே, இவன் எங்கே?" என்று கேட்டிருந்தாய். உழைப்பும் ஒழுக்கமும்தான் என்று பதிலையும் நீயே எழுதிவிட்டாய். அதில் எனக்கு உடன்பாடில்லை.

நம் வகுப்பில் கணக்கில் புலி யார், சொல்? அப்பா படுத்த படுக்கையானதும் படிப்பை விட்டுவிட்டு, முதலில் கிடைத்த வேலையில் சேர்ந்தான். சுமாராகப் படித்த இன்னொருவன் நல்ல வேலை வரும்வரை வீட்டுச் சாப்பாட்டில் காத்திருந்தான். அலுவலகம் அவனைப் பயிற்சிக்கு அனுப்பியது. போய் வந்ததும் பதவி உயர்வு. அதைக் காட்டியதும் குறைந்த வட்டியில் கடன். புலிக்கு ஒருநாள் காய்ச்சல் வந்தாலும் கூலி போச்சு, அதற்குக் கைமாற்று, அதற்கு ஒரு வட்டி. பல் வலித்தபோது உடனே காட்டியிருந்தால் பல்லை அடைத்து அனுப்பியிருப்பார்கள். தள்ளிப்போட்டான். கடைசியில் பிடுங்க வேண்டியதாயிற்று. செலவு கூடுதல், வேலைக்குப் போகாத நாட்களும் கூடுதல். பல்வலி இருவருக்கும் வரும்தான், ஆனால் ஒரே விலையில் வருவதில்லை.

சேமிப்பும் அப்படித்தான். ஆண்டுக்கு 7 சதவீதக் கூட்டு வட்டி என்று வைத்துக்கொள். 25 வயதில் போட்ட பணம் 65 வயதில் கிட்டத்தட்ட 15 மடங்காகும். 35 வயதில் போட்டால் சுமார் ஏழரை மடங்குதான். அந்தப் பத்து வருடமும் நம் கணக்குப் புலி கடன்தான் அடைத்துக்கொண்டிருந்தான். சிக்கனம் தெரியாதவன் என்று அவனைச் சொல்வார்கள், கேட்டிருப்பாய்.

பணம் மட்டுமா? 1967-இல் லண்டனில் அரசு ஊழியர்களை வைத்து வைட்ஹால் என்ற உடல்நல ஆய்வைத் தொடங்கினார்கள். எல்லோருக்கும் நிலையான வேலை, இலவச மருத்துவம். இருந்தும் கடைநிலை ஊழியர்களின் இறப்பு விகிதம் உயர் அதிகாரிகளுடையதைவிட ஏறக்குறைய 3 மடங்கு. புகைபிடித்தல், ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தும் வித்தியாசம் முழுசாகப் போகவில்லை. அதுவும் மேலே ஒரு கூட்டம், கீழே ஒரு கூட்டம் என்றில்லை. பதவி ஒவ்வொரு படி ஏற ஏற இறப்பு விகிதம் குறைந்துகொண்டே வந்தது. இத்தனைக்கும் அவர்களில் பரம ஏழை என்று யாருமில்லை.

அப்புறம், வகுப்பில் முதலாவதாக வந்தவளை நீ கணக்கிலேயே சேர்க்கவில்லை! முதலில் பிள்ளைகள், பிறகு மாமியார் என்று பார்த்துக்கொள்ள வேலையை விட்டாள். திரும்பிப் போனபோது அவளுக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் மேலதிகாரிகள். இப்போது ஓய்வூதியத்தைக் கணக்கிடும்போது அந்த வருடங்கள் வெறும் பூஜ்யம். வயதானால் எல்லாரும் ஒன்றுதான் என்பது சும்மா பேச்சு. இளமையில் விட்டுப்போனதெல்லாம் அப்போதுதான் மொத்தமாகக் கழிகிறது.

சட்டத்தால் சரிசெய்ய முடியாத விஷயமும் இல்லை இது. ஜெர்மனியில் 1992 முதல் பிறந்த ஒவ்வொரு குழந்தைக்கும், வளர்த்த பெற்றோரின் ஓய்வூதியக் கணக்கில் 3 ஆண்டுகள் சேர்க்கிறார்கள். மாமியாரைப் பார்த்துக்கொண்ட வருடங்களையும் இப்படி எங்கும் சேர்க்கலாம் என்பது என் கட்சி. நீ ஒத்துக்கொள்ள மாட்டாய், தெரியும். சண்டையை அடுத்த கடிதத்தில் ஆரம்பி. வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய தோழன்