தோற்றுவரும் வாலிபால் அணிகள் குறித்துப் பள்ளி நிர்வாகத்தினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமை ஆசிரியர்களுக்கும் விளையாட்டுக் குழுவினருக்கும்,

வணக்கம். பள்ளி வாலிபால் அணிகளுக்குப் பயிற்சி தரும் நாங்கள் சிலர் சேர்ந்து இதை எழுதுகிறோம். முதல் சுற்றிலேயே தோற்றுத் திரும்பும் அணியைப் பற்றி இரண்டு தீர்ப்புகள் தயாராக இருக்கும்: பிள்ளைகளுக்கு உயரம் போதாது, கோச்சுக்கு வேகம் போதாது. அடுத்த வருடம் கோச் மாறுகிறார். அணி இருந்த இடத்திலேயே இருக்கிறது. கோச்சை வெற்றி தோல்வியை வைத்து எடைபோடாமல், சர்வீஸ், ரிசீவ் (எதிரணியின் சர்வீஸை வாங்கி எடுப்பது) கணக்கை வைத்து எடைபோடுங்கள் என்பதுதான் எங்கள் கோரிக்கை.

முன்பெல்லாம் சர்வீஸ் வலையில் விழுந்தால் சர்வீஸ் மட்டும்தான் கைமாறும். 1990-களின் இறுதியில் யார் சர்வீஸ் போட்டாலும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் புள்ளி தரும் ராலி பாயின்ட் முறை வந்த பிறகு புள்ளியும் சேர்ந்தே போகிறது. 25 புள்ளி செட் ஒன்றில் ஏழு சர்வீஸ் வீணானால், எதிரணி 18 புள்ளி சம்பாதித்தால் போதும், மீதி ஏழு புள்ளியை நாமே தட்டில் வைத்துக் கொடுத்துவிடுகிறோம். ஸ்மாஷ் அடிக்க உயரம் வேண்டும், சரி. சர்வீஸ் போட எதற்கு?

சின்னப் பிள்ளைகளை எடுத்த எடுப்பில் ஒன்பது மீட்டர் கோட்டில் நிறுத்தக் கூடாது. வலையிலிருந்து ஆறு மீட்டரில் தொடங்கட்டும். பத்துக்கு எட்டு உள்ளே விழுந்த பிறகு ஒரு மீட்டர் பின்னால். பெரும்பாலும் கெடுப்பது கையல்ல, டாஸ்தான்: பந்தைத் தலைக்கு மேல் வெகு உயரம் தூக்கிவிட்டு அதைத் துரத்துவார்கள், முழங்கை தொங்கிவிடும். ஓரடி உயர டாஸ், உள்ளங்கையின் அடிப்பகுதியால் பந்தின் நடுவில் ஒரு தட்டு, பட்டதும் கையை நிறுத்திவிட வேண்டும். சுழலாமல் போகும் பந்து கடைசி நேரத்தில் ஆடும், எதிரே நிற்பவரைக் குழப்பும். இந்தப் பயிற்சியை அன்றைய பயிற்சியின் கடைசியில் வையுங்கள். மேட்ச்சில் சர்வீஸ் களைத்த கையோடுதான் வரும்.

அடுத்து ரிசீவ். பந்தைக் கண்டு ஒதுங்கும் பிள்ளையைப் 'பயந்தாங்கொள்ளி' என்கிறோம். முதலில் பந்தை அழுத்திப் பாருங்கள். விதிப்படி உள் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 0.30 முதல் 0.325 கிலோதான். சைக்கிள் டயருக்கு அடிக்கிற பழக்கத்தில் பந்துக்கும் அடித்தால் அது கல்லாகிவிடும். முன்கை சிவந்து எரியும். நாலு தடவை எரிந்தபின் எந்தக் கையும் தானாகப் பின்வாங்கும். ஊசி வைத்த சின்ன அழுத்தமானி ஒன்று வாங்கிக் கொடுங்கள்.

வலையையும் அளக்க வேண்டும். ஆண்களுக்கு 2.43 மீட்டர், பெண்களுக்கு 2.24 என்பது மைதானத்தின் நடுவில் அளக்கும் உயரம். பக்கக் கோடுகளின் மேலே அதைவிட இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் கூடக் கூடாது. கயிறு தளர்ந்து நடுவில் ஒரு சாண் தொங்கும் வலையில் மாதக்கணக்கில் ஆடிய அணி, இழுத்துக் கட்டிய வலையைப் போட்டியில்தான் முதன்முறையாகப் பார்க்கிறது. இளம் வயதினருக்கு அவரவர் பிரிவுக்குரிய உயரத்திலேயே கட்டுங்கள்.

பந்து எத்தனை என்பதும் முக்கியம். ஒரே பந்தைப் பன்னிரண்டு பேர் சுற்றி ஆடி, பத்து விநாடிக்கு ஒரு தொடுகை என்று வைத்தாலும் மணிக்கு 360, ஆளுக்கு 30. இருவருக்கு ஒன்றாக ஆறு பந்து இருந்தால் அதே வேகத்தில் 180. தோற்ற அணிக்கு ஊக்க உரை ஏற்பாடு செய்யும் செலவில் பந்து வாங்கலாம் என்பது எங்கள் தாழ்மையான கருத்து.

நல்ல கோச்சின் கையில் ஒரு நோட்டு இருக்கும். ஒவ்வொரு ரிசீவுக்கும் மதிப்பெண்: ஸ்மாஷுக்குப் பந்து தூக்கிக் கொடுக்கும் செட்டர் நின்ற இடத்துக்கே பந்து வந்தால் 3, அவரை இரண்டடி நகர வைத்தால் 2, பந்து எப்படியோ கீழே விழாமல் உயிரோடு இருந்தால் 1, நேரே புள்ளி போனால் 0. சராசரி 1-இலிருந்து 2-ஐ நோக்கி நகரும் அணி இன்னும் தோற்றுக்கொண்டிருக்கலாம். ஆனாலும் அது வளர்கிறது. இருவருக்கு நடுவில் விழும் பந்துகளைத் தனியாகக் குறிக்க வேண்டும். அங்கே இருவருக்கும் திறமை இருக்கும், 'என் பந்து' என்ற குரல்தான் இருக்காது. பந்து வலையைத் தாண்டும் முன்பே அந்தக் குரல் வரவேண்டும்.

டைம் அவுட் 30 விநாடி, செட்டுக்கு இரண்டு. பிள்ளைகள் தண்ணீர் குடித்தது போக மிஞ்சுவதில் ஒரு விஷயம் சொல்லலாம்: அடுத்த சர்வீஸ் யாரைப் பார்த்துப் போகவேண்டும். திட்டுவதற்கு அங்கே இடமில்லை. கேலரியில் உட்கார்ந்திருக்கும் நிர்வாகிகள் எழுந்து வந்து திட்டுவதற்கும்தான்.

உயரம் குறைந்தவர்களைக் கழிக்கும் முன் 1964 டோக்கியோ ஒலிம்பிக்கை நினையுங்கள். தங்களைவிட உயரமான சோவியத் அணியை ஜப்பான் பெண்கள் 3–0 என்று வென்றார்கள். விழுந்து பந்தை எடுத்து உருண்டு எழும் அவர்களின் ரிசீவுக்கு அதில் பெரும் பங்கு. பயிற்சியாளர் டைமட்சு நள்ளிரவு தாண்டியும் பயிற்சி வைத்தவர்; உருளுவதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், நள்ளிரவு பள்ளிப் பிள்ளைகளுக்கு வேண்டாம். 1998-இல் லிபரோ, அதாவது பின்வரிசையில் பந்தை எடுப்பதற்கென்றே நிற்கும் ஆட்டக்காரர், வந்தபின் குள்ளமான, சுறுசுறுப்பான பிள்ளைக்கு விதிப் புத்தகத்திலேயே ஓர் இடம் உண்டு.

வாரம் ஐந்து நாள், நாளுக்கு 75 நிமிடம், தேர்வு வாரத்திலும் இரண்டு நாளாவது 40 நிமிடம் கொடுங்கள். பருவத்தின் நடுவில் கோச்சை மாற்றாதீர்கள். மாற்றித்தான் தீரவேண்டும் என்றால், கூட்டத்துக்கு முன் அந்த நோட்டை வாங்கி முதல் மாதப் பக்கத்தையும் கடைசி மாதப் பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
பள்ளி வாலிபால் பயிற்சியாளர்கள் சிலர்