கொல்லையைக் குத்தகைக்கு விடுவதாக இல்லை

பட்டுக்கோட்டை

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு நீ மறுபடியும் மாடிப்படி ஏறி இறங்குகிறாய் என்பதும், பேத்தி கல்லூரியில் சேர்ந்துவிட்டாள் என்பதும் எனக்கு மிகுந்த மகிழ்ச்சியைத் தந்தன. இங்கே நான் நலமாக இருக்கிறேன். மகன் கோயம்புத்தூரிலிருந்து ஞாயிறுதோறும் பேசுகிறான். நீ கேட்டிருக்கும் அதே கேள்வியை அவனும் ஒவ்வொரு முறையும் பேச்சை முடிக்கும்போது கேட்கிறான். இவ்வளவு பெரிய கொல்லையைத் தனியாளாக வைத்துக்கொண்டு இந்த வயதில் ஏன் சிரமப்பட வேண்டும், யாருக்காவது குத்தகைக்கு விட்டுவிட்டு அவனோடு வந்து இருந்தால் என்ன என்கிறான். தொலைபேசியில் அவனுக்குச் சொல்லி முடிக்க இயலாததை உனக்கு விரிவாக எழுதலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நான் பள்ளிக்கூடத்தில் வேதியியல் சொல்லிக்கொடுத்துவிட்டு மாலையில் வீடு திரும்புவேன். கொல்லை முழுவதும் என் கணவர் பொறுப்பில் இருந்தது. பூவும் கறிவேப்பிலையும் முருங்கைக் காயும் அங்கிருந்து வரும் என்பதற்கு மேல் எனக்கு அதைப் பற்றி அதிகம் தெரியாது, தெரிந்துகொள்ள வேண்டிய தேவையும் இருந்ததில்லை. அவரும் எதையும் எழுதி வைக்கிறவர் அல்லர். எந்த மரத்துக்கு எப்போது எரு வைத்தார், மல்லிகையை எந்த மாதத்தில் வெட்டினார், மோட்டாரில் தண்ணீர் ஏறாவிட்டால் முதலில் எதைப் பார்த்தார் என்பதெல்லாம் அவருடைய கைகளுக்கு மட்டுமே தெரிந்திருந்தன. கருமாதி முடிந்து உறவினர்கள் புறப்பட்டுப் போன பிறகு ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. வீட்டுக்குள் நான் எதையும் தொடாமல் இருந்துவிடலாம், அவர் வைத்த இடத்தில் எல்லாம் அப்படியே இருக்கும். கொல்லையில் அது நடவாது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கோரை முழங்கால் உயரத்துக்கு வந்துவிட்டது, வாழையடியில் பக்கக் கன்றுகள் நெருக்கியடித்துக்கொண்டு கிளம்பின.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது உனக்கு நினைவிருக்கும். பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதித் தோப்புகள் என்ன ஆயின என்பதை நீ திருச்சியிலிருந்து வந்து நேரிலேயே பார்த்தாய். எங்கள் கொல்லையில் கிணற்றடி மரமும் வேலியோரத்து மரங்கள் இரண்டும் தவிர மற்ற தென்னைகள் எல்லாம் ஒரே இரவில் சாய்ந்துவிட்டன. விழுந்த மரங்களை அறுத்து அப்புறப்படுத்த ஆள் தேடி அவர் வாரக்கணக்கில் அலைந்தார். அந்த மரங்கள் கிடந்து மட்கினால் காண்டாமிருக வண்டு அவற்றில் முட்டையிட்டுப் பெருகும் என்பதால்தான் அத்தனை அவசரப்பட்டார் என்பது எனக்கு இப்போது விளங்குகிறது. மறு ஆண்டு வேப்பங்குளம் தென்னை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து நெட்டை ரகக் கன்றுகளை வாங்கி வந்து நட்டார். குட்டை ரகம் வைத்தால் மூன்று நான்கு ஆண்டுகளில் காய்க்குமே, நெட்டைக்கு ஆறேழு ஆண்டுகள் காத்திருக்க வேண்டுமே என்று நான் சொன்னேன். நெட்டைதான் வறட்சியைத் தாங்கும், அறுபது ஆண்டுக்கு மேல் நின்று காய்க்கும் என்றார். அப்போது அவருக்கு எழுபது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. கன்றுகள் பாளை விடுவதற்கு முன்பே அவர் போய்விட்டார்.

ஆகவே நான் முதலில் கற்றுக்கொண்டது அந்த இளந்தென்னைகளைப் பற்றித்தான். புதிதாக விரிந்த மட்டையில் கத்தரிக்கோலால் வெட்டியதுபோல முக்கோண வடிவில் ஓலை அறுபட்டிருந்தால் அது காண்டாமிருக வண்டின் வேலை. ஆனால் ஓலை விரிந்து அந்த வெட்டு கண்ணுக்குத் தெரியும்போது வண்டு தன் வேலையை முடித்து வெகு நாளாகியிருக்கும், ஏனென்றால் அது மட்டையைக் குருத்தாக இருக்கும்போதே குடைந்துவிடுகிறது. அதனால் குருத்தின் அடியில் மென்று துப்பிய நார் தள்ளியிருக்கிறதா என்று அடிக்கடி பார்க்க வேண்டும். தள்ளியிருந்தால் நுனி வளைந்த கம்பியை உள்ளே விட்டு வண்டைக் குத்தி எடுக்க வேண்டும். இளமரங்கள் உயரமாகாததால் முக்காலி போட்டு நின்று இதை நானே செய்கிறேன். வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கும் மணல் இரண்டு பங்குமாகக் கலந்து, மரத்துக்கு 150 கிராம் வீதம், குருத்தை ஒட்டிய மூன்று மட்டை இடுக்குகளில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடுகிறேன். இந்த வண்டின் புழுக்கள் வளர்வது எருக்குழியில்தான் என்பதைப் பக்கத்துத் தோப்புக்காரர் சொன்னார். குழியைக் கிளறும்போது வெள்ளைவெளேரென்று சுருண்டு கிடக்கும் அந்தப் புழுக்களை எடுத்துப் போட்டால் அடுத்த வீட்டுக் கோழிகள் ஓடி வந்துவிடும். ஆனி ஆடியில் ஒருமுறையும் மார்கழி தையில் ஒருமுறையும் மரத்தைச் சுற்றி ஆறடி வட்டத்துக்குப் பாத்தி எடுத்து எருவும் உரமும் வைக்கிறேன். கோடை வருவதற்கு முன் அதே பாத்தியில் தேங்காய் மட்டைகளை முதுகு மேலே தெரியும்படி கவிழ்த்துப் பரப்பிவிட்டால் ஈரம் நெடுநாள் நிற்கிறது. அவருடைய மண்வெட்டி எனக்குக் கனமாக இருந்ததால் கொல்லரிடம் சொல்லிச் சிறியதாக ஒன்று அடித்துக்கொண்டேன். மோட்டாரை இயக்கப் பழகியதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, அது யாருக்கும் ஒரு வாரத்தில் வந்துவிடும்.

உன்னிடம் நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது கிணற்றடி மரத்தைப் பற்றி. அது என் மாமியார் வைத்த மரம். கஜாவில் நின்ற மரம் என்பதால் என் கணவர் அதன் மீது தனிப் பிரியம் வைத்திருந்தார், வருகிறவர்களை எல்லாம் அழைத்துப்போய்க் காட்டுவார். அவர் போன மறு கோடையில் அதன் அடியில் செம்பழுப்பு நிறத்தில் சாறு வடிந்து காய்ந்திருப்பதைப் பார்த்தேன். அடிமட்டைகளும் மஞ்சளாகித் தொங்கத் தொடங்கின. வேளாண் அலுவலர் வந்து பார்த்துவிட்டு, தஞ்சாவூர் வாடல் நோய் என்றார். 1952 புயலுக்குப் பிறகு நம் அதிராம்பட்டினம் பக்கத்துத் தோப்புகளில் கடுமையாகத் தாக்கியதால் இந்த நோய்க்கு நம் மாவட்டத்தின் பெயரே நிலைத்துவிட்டது. மண்ணில் இருக்கும் கனோடெர்மா என்ற பூஞ்சாணம் வேர் வழியாக நுழைந்து அடிமரத்தை அழுகச் செய்கிறது, அங்கிருந்து பக்கத்து மரங்களுக்கும் பரவுகிறது.

போர்டோ கலவை என்ற பூஞ்சாணக்கொல்லியை ஒரு சதவீத அளவில் நாற்பது லிட்டர் தயாரித்து வேர்ப்பகுதி நனைய ஊற்றச் சொன்னார்கள். மயில்துத்தம் என்கிற காப்பர் சல்பேட் 400 கிராமைத் தனியாகவும் சுட்ட சுண்ணாம்பு 400 கிராமைத் தனியாகவும் பிளாஸ்டிக் வாளிகளில் கரைத்து, மயில்துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலுக்குள் ஊற்றிக் கலக்க வேண்டும். கலவை சரியாக இருக்கிறதா என்று பார்க்கத் தீட்டிய இரும்புக் கத்தியைச் சிறிது நேரம் அதில் நனைத்து எடுக்க வேண்டும். கத்தியில் செம்பழுப்பாகப் படிந்தால் இன்னும் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும் என்று பொருள். தோழி, அந்தக் கத்தியை நனைத்து எடுத்தபோது என் மனத்தில் எழுந்ததை உன்னைத் தவிர வேறு யாரிடமும் சொல்ல முடியாது. இரும்பாணியை மயில்துத்தக் கரைசலில் போட்டால் அதன் மேல் செம்பு படியும் என்று இடப்பெயர்ச்சி வினையை நான் எத்தனை ஆண்டுகள் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் செய்து காட்டியிருக்கிறேன்! கொல்லைக்குள் நான் வெறுங்கையோடு வரவில்லை, அவரிடம் இல்லாத ஒன்றை நானும் கொண்டுவந்திருக்கிறேன் என்று அன்றுதான் முதன்முதலாகத் தோன்றியது. அவர் போன பிறகு எனக்கு மகிழ்ச்சி என்று சொல்லும்படி ஏற்பட்டது அப்போதுதான்.

மரம் பிழைக்கவில்லை. மறு மழைக்காலத்தில் அடியில் காளான் புடைத்துவிட்டது. அந்த நிலை வந்த பிறகு மரத்தை வெட்டி, அடிக்கட்டையையும் வேர்களையும் தோண்டி எரித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மற்றவற்றுக்கும் பரவும். பாட்டி வைத்த மரம், அப்பாவுக்குப் பிடித்த மரம், இன்னும் ஓர் ஆண்டு பொறுத்துப் பார்க்கலாமே என்று மகன் சொன்னான். அவர் இருந்திருந்தால் என்ன செய்வார் என்று நானும் பல நாள் யோசித்தேன். ஒருவேளை அவரும் பொறுத்திருப்பார், அந்த மரத்தின் மீது அவருக்கு இருந்த பாசம் எனக்குத் தெரியும். ஆனால் அதற்கு இருபதடி தள்ளி, அவர் காய்ப்பைப் பார்க்காமலே போன இளந்தென்னைகள் நிற்கின்றன. ஆளை வரச்சொல்லி மரத்தை வெட்டினேன். வேர்க்கட்டையைத் தோண்டி எரித்து முடியும்வரை உடன் நின்றேன். சுற்றியுள்ள மரங்களுக்கு ஐந்து கிலோ வீதம் வேப்பம் பிண்ணாக்கு வைத்தேன். ஊடே வாழை வைத்தால் நோய் மட்டுப்படும் என்பதால் பூவன் வாழையும் வைத்தேன். அவர் என்ன செய்திருப்பார் என்று கேட்டுக்கொண்டு கொல்லைக்குள் போகும் வழக்கம் அன்றோடு நின்றுவிட்டது. மரம் எந்த நிலையில் இருக்கிறது, மண்ணில் ஈரம் இருக்கிறதா, இந்த மாதத்துக்கு என்ன வேலை என்று மட்டும் பார்க்கிறேன். அவரை நான் மறந்துவிட்டேன் என்று இதற்குப் பொருளல்ல. கொல்லையை அவருடைய நினைவிடமாக மாற்றி அப்படியே காத்து வைப்பது என் வேலையல்ல என்பது எனக்குத் தெளிவாகிவிட்டது.

ஆட்களை வைத்து வேலை வாங்குவதுதான் மற்ற எல்லாவற்றையும் விடக் கடினமாக இருந்தது. நாற்பத்தைந்து நாளுக்கு ஒருமுறை உயர மரங்களில் காய் வெட்ட வேண்டும், ஆனால் மரம் ஏறுபவர்கள் இப்போது ஊருக்கு ஓரிருவர்தான் இருக்கிறார்கள். புதிதாக வருகிறவர்கள் வீட்டில் ஆண்பிள்ளை யாரும் இல்லையா என்று கேட்டுக்கொண்டே கூலியை உயர்த்திச் சொல்வார்கள். ஏறும் முன்பே கூலியைப் பேசி முடித்துவிட்டு, காயோடு கொண்டையையும் பார்த்துச் சுத்தம் செய்து வேப்பந்தூளும் போட்டுவிட்டு இறங்க வேண்டும் என்று சொல்லிவிடுவேன். இப்போது வருகிற இளைஞர் மரம் ஏறும் கருவியில் ஏறுகிறார். மேலிருந்தே ஒவ்வொரு மரத்தின் நிலையையும் உரக்கச் சொல்வார், நான் கீழே நின்று குறித்துக்கொள்வேன். என் கணவரிடம் இல்லாத பழக்கத்தை நான் வைத்துக்கொண்டிருக்கிறேன் என்பது உனக்கு இதிலிருந்து புரிந்திருக்கும். கொல்லைக்கென்று ஒரு நோட்டுப் போட்டு, மரத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்கி எல்லாவற்றையும் எழுதி வருகிறேன். எனக்குப் பிறகு வருகிறவர்கள் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

மல்லிகையைப் பற்றியும் கேட்டிருந்தாய். நன்றாக இருக்கிறது. கார்த்திகையில், நவம்பர் கடைசி வாரத்தில், தரையிலிருந்து ஒன்றரை அடி உயரம் விட்டு மீதி எல்லாவற்றையும் வெட்டிவிட வேண்டும். கொழுத்த பச்சைக் கிளைகளை அப்படி வெட்டக் கை கூசும்தான், ஆனாலும் வெட்டினால்தான் பங்குனியில் கொத்துக் கொத்தாக மொட்டு வரும். என் நாத்தனார் ஒருவர் வந்திருந்தபோது, இனி இந்த வீட்டில் பூச்செடி எதற்கு, பிடுங்கிவிட்டு வேறு ஏதாவது வைக்கலாமே என்றார். அவர் வருத்தத்தோடுதான் சொன்னார், அதனால் எனக்கு அவர் மீது கோபம் இல்லை. ஆனால் அந்தப் பேச்சை நான் ஏற்கவில்லை. ஒரு பெண்ணின் கணவர் இறந்ததற்காக அவள் தலையிலிருந்து பூவை எடுக்கும் வழக்கத்தை என் கணவர் உயிரோடு இருந்தபோதே நாங்கள் இருவரும் வெறுத்தோம். மாலையில் மொட்டுகளைப் பறித்துத் தொடுத்து, அவர் படத்துக்குப் பாதி போட்டுவிட்டு மீதியை நான் வைத்துக்கொள்கிறேன். தெருப்பெண்கள் முதலில் உற்றுப் பார்த்தார்கள், இப்போது அவர்களே பூக் கேட்டு வருகிறார்கள்.

இதற்கு மேல் குத்தகையைப் பற்றி நான் என்ன சொல்லப் போகிறேன் என்பது உனக்கே தெரியும். குத்தகைக்கு எடுப்பவர் காயை வெட்டிக்கொண்டு போவார். குருத்தின் அடியில் நார் தள்ளியிருக்கிறதா என்று நின்று பார்க்க அவருக்கு என்ன அவசியம்? உடம்பு ஒத்துழைக்கும்வரை நானே பார்த்துக்கொள்கிறேன். ஒருநாள் முடியாமல் போகலாம், அதையும் நான் யோசிக்காமல் இல்லை. அந்த நிலை வந்தால் உயர மரங்களை விட்டுவிட்டு வீட்டை ஒட்டிய பகுதியை மட்டும் வைத்துக்கொள்வேன், அதுவும் முடியாதபோது மகனிடம் போவேன். சித்திரையில் ஒரு மாதம் அவனிடம் போய் இருப்பதாகச் சொல்லியிருக்கிறேன். தண்ணீர் பாய்ச்ச அடுத்த வீட்டுப் பையனுக்குப் பழக்கிவிட்டேன், பொறுப்பானவன்.

உன் மாடித் தொட்டியில் கறிவேப்பிலை ஒற்றைக் குச்சியாக வளர்கிறது என்று எழுதியிருந்தாயே, அதன் நுனியைக் கிள்ளிவிடு, பக்கக் கிளைகள் வரும். புளித்த மோரைத் தண்ணீர் கலந்து ஊற்றிப் பார். தொட்டி சிறியதாக இருந்தால் பெரியதற்கு மாற்று. தை பிறந்ததும் அண்ணனையும் அழைத்துக்கொண்டு கட்டாயம் வா. நான் ஒரு மல்லிகைக் கிளையை மண்ணில் வளைத்துப் பதியன் போட்டு வைக்கிறேன், நீ வருவதற்குள் வேர் பிடித்திருக்கும். பேருந்தில் வராதே, முழங்காலுக்கு ஆகாது. வரும் நாளை முன்கூட்டியே எழுது, இளநீர் வெட்டும் ஆளைச் சொல்லி வைக்க வேண்டும்.

என்றும் அன்புடன்,
உன் தோழி