புயல் சேதம்: வீட்டுக் காப்பீட்டுத் தொகை கோருவது குறித்து

புதுச்சேரி ரெயின்போ நகர்க் குழு உறுப்பினர்களுக்கு வணக்கம். புயலில் சேதமடைந்த வீடுகளைப் பழுதுபார்க்கத் தொடங்குவதற்கு முன், காப்பீட்டு நிறுவனத்துக்குத் தகவல் தெரிவித்துக் கோரிக்கை எண்ணைப் பெற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். மழைநீர் இறங்காமல் தார்ப்பாய் போடுவதில் தவறில்லை; ஆனால் அதற்கு முன்பே, சுவரில் வெள்ளம் நின்ற கோடு உட்பட எல்லாவற்றையும் தேதி தெரியும்படி படமெடுத்துவிடுங்கள். 2024 ஃபெஞ்சல் புயலுக்குப் பின், நனைந்த மெத்தையையும் மர அலமாரியையும் சர்வேயர் (சேதத்தை மதிப்பிடுபவர்) வருவதற்குள் குப்பை வண்டியில் ஏற்றிவிட்டு, அவை இருந்தன என்று நிரூபிக்க நான் பட்ட பாடு போதும்.

வீட்டுக்கடன் உள்ளவர்கள் வங்கியில் பாலிசி நகலைக் கேட்டுப் பாருங்கள். தம் வீட்டுக்குக் காப்பீடு இருப்பதே பலருக்குத் தெரிவதில்லை. 2021 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்ற வீட்டுக் காப்பீட்டு பாலிசியில் புயலும் வெள்ளமும் அடங்கும். கட்டடத்துக்குக் காப்பீடு செய்திருந்தால், வேண்டாமென்று விலக்காதவரை, வீட்டுப் பொருள்களுக்கும் கட்டடக் காப்புத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை காப்பு உண்டு.

கோரிக்கை மறுக்கப்பட்டால், முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுத்து மூலம் முறையிடுங்கள். 30 நாள்களில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் நிறைவளிக்காவிட்டாலோ, புதுச்சேரியையும் தம் வரம்பில் கொண்டுள்ள சென்னை இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் (காப்பீட்டுப் புகார்களை விசாரித்துத் தீர்ப்பவர்) கட்டணமின்றிப் புகார் அளிக்கலாம்.