மேடைக்கு வராதவர்களுக்கு ஒரு நன்றி மடல்

வார்டு மக்களுக்கும் தொகுதி மக்களுக்கும் வணக்கம்.

நகராட்சி கவுன்சிலர் பதவியை ராஜினாமா செய்து கடிதம் கொடுத்துவிட்டேன். சட்டமன்ற உறுப்பினராக உறுதிமொழி எடுப்பதற்கு முன் இதை எழுதிவிட வேண்டும். மேடையில் நன்றி சொன்னால் தலைமை, மாவட்ட நிர்வாகிகள், கூட்டணிக் கட்சியினர் என்று வரிசை முடிவதற்குள் நேரம் முடிந்துவிடுகிறது. அவர்களுக்கு அங்கேயே சொல்லிவிட்டேன். இது மேடைக்கு வராதவர்களுக்கு.

முதலில், எங்கள் வார்டுக்குத் தண்ணீர் திறந்துவிடும் அண்ணன். 2016 அக்டோபரில் உள்ளாட்சி மன்றங்களின் காலம் முடிந்தது. நகர்ப்புறத்தில் அடுத்த தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரியில்தான். இடைப்பட்ட காலம் முழுக்கத் தனி அலுவலர்கள் நிர்வாகம். நாங்கள் பதவிக்கு வந்தபோது எந்தத் தெருவில் எந்தக் குழாய் போகிறது, எந்த வால்வை மூடினால் எங்கே நிற்கும் என்பதில் பாதிதான் கோப்பில் இருந்தது. மீதி இவர் நினைவில் இருந்தது. கடைசித் தெருவுக்குத் தண்ணீர் ஏறாததற்கு எல்லோரும் மோட்டாரைக் குறை சொல்லிக்கொண்டிருந்தார்கள். "மோட்டார் நல்லாத்தான் இருக்கும்மா, வழியெல்லாம் இத்தனை கனெக்‌ஷன் குடுத்தா கடைசில என்ன வரும்?" என்று கேட்டு, தெருத் தெருவாகக் கூட்டிப்போய்க் காட்டினார்.

அதை வைத்துத்தான் மன்றத்தில் தீர்மானம் போட்டோம். எஸ்டிமேட் தயாரானது. நிர்வாக அனுமதிக்கு மேலே போனது, ஒரு கேள்வியோடு திரும்பி வந்தது, பதில் எழுதியதும் மறுபடி போனது. "மேலே போயிருக்கு" என்பதையே அந்தத் தெருவுக்கு எவ்வளவு நாள் சொல்வது? மாநில அரசியல் பக்கம் என் கண் திரும்பியது அப்போதுதான். அரசியலமைப்பின் பன்னிரண்டாம் அட்டவணையில் நகராட்சிகளுக்கென்று 18 பணிகள் இருக்கின்றன. 74-ஆவது திருத்தம் சேர்த்தது. ஆனால் அவற்றில் எதை, எவ்வளவு அதிகாரத்தோடு கொடுப்பது என்பது மாநிலச் சட்டமன்றத்தின் கையில். சரி, அந்த இடத்துக்கே போய்க் கேட்போம் என்று கிளம்பினேன்.

அப்புறம், எதிர்க்கட்சி வரிசையில் இருந்த மூத்த கவுன்சிலர் ஐயா. 2016-க்கு முன்பே மன்றத்தைப் பார்த்தவர். எங்கள் கட்சியில் சிலருக்கு இந்தப் பத்தி பிடிக்காது, பரவாயில்லை. அஜெண்டாவில் பின்னால் சேர்க்கிற பொருளைத்தான் முதலில் படிக்க வேண்டும், கூட்டத்தில் கத்துவதைவிட ஆட்சேபணையை எழுதிக் கொடுத்து நடவடிக்கைக் குறிப்பில் ஏற்றச் சொல்ல வேண்டும் என்று கற்றுக்கொடுத்தவர் அவர். அதை அவர்கள் கட்சிக்கு எதிராகவே நான் பயன்படுத்தியபோதும், "பரவால்லையே, தேறிட்டீங்க" என்று சிரித்தார். ஐயா, அங்கேயும் அதைத்தான் செய்யப் போகிறேன். எஸ்டிமேட்டையும், செய்து முடித்த வேலையின் அளவைப் பதியும் எம்-புக்கையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடக் கற்றுத்தந்த பொறியாளருக்கும் நன்றி. அவர் பணியில் இருப்பதால் இதற்கு மேல் எழுதவில்லை.

என் வீட்டுக்காரருக்கு. உள்ளாட்சியில் பெண்களுக்கு 50 சதவீத இடஒதுக்கீடு வந்த பிறகுதான் எங்கள் வார்டு எனக்குக் கிடைத்தது. ஆனால் 'கவுன்சிலர் வீட்டுக்காரர்' என்று ஒரு தனிப் பதவியே உருவாகிவிட்டது ஊருக்கே தெரியும். என் நாற்காலிக்குப் பக்கத்தில் அவர் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. கையெழுத்துக்கு அவரிடம் போனவர்களை என்னிடமே திருப்பி அனுப்பினார். இப்போது நான் வென்றது ஒதுக்கீடு இல்லாத பொதுத் தொகுதி. அதில் அவர் பங்கு எவ்வளவு என்று எனக்குத் தெரியும்.

தூய்மைப் பணியாளர்களுக்கும், கொசுப்புழு ஒழிப்புக்கு வீடு வீடாகப் போகும் பெண்களுக்கும் வெறும் நன்றி சொன்னால் அது கணக்குத் தீர்ப்பது போலாகிவிடும். வார்டில் நடப்பது எனக்கு முதலில் தெரிய வந்ததே உங்கள் மூலமாகத்தான். ஒப்பந்த முறையில் கைக்கு வரும் கூலிக்கும் தாளில் இருக்கும் கூலிக்கும் உள்ள வித்தியாசத்தை நீங்கள் சொன்னது குறிப்பேட்டில் இருக்கிறது. சட்டமன்றத்தில் நகராட்சி நிர்வாகத் துறைக்கு நிதி ஒதுக்கும் மானியக் கோரிக்கை விவாதத்தில் பேச வாய்ப்புக் கிடைத்தால் அதைத்தான் முதலில் கேட்பேன்.

தொகுதியின் கிராமத்துக்காரர்கள் என்னைச் சும்மா விடவில்லை. "நகராட்சிப் பொம்பளைக்கு ஏரியைப் பத்தி என்ன தெரியும்?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. கேட்ட பெரியவரே பிறகு வரப்பில் நடத்திக்கொண்டே சொல்லிக்கொடுத்தார்: ஆயக்கட்டு, அதாவது ஏரித் தண்ணீர் பாயும் நிலம், 40 ஹெக்டேருக்கு மேல் போனால் ஏரி நீர்வளத்துறை வசம், அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம். மனுவை எந்த அலுவலகத்தில் கொடுப்பது என்பதே இதில்தான் இருக்கிறது. அவர் எனக்கு ஓட்டுப் போட்டாரா என்று நான் கேட்கவில்லை.

வாக்குச்சாவடி முகவர்களே, விடியற்காலை மாதிரி வாக்குப்பதிவிலிருந்து இயந்திரத்துக்கு சீல் வைத்து, பதிவான வாக்குகளின் கணக்கான 17சி படிவம் கைக்கு வரும்வரை நகராமல் உட்கார்ந்திருந்தீர்கள். உங்களில் ஒருவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். "வார்டு கவுன்சிலருக்குச் சட்டமன்றம் கேக்குதா?" என்று கேலி செய்தவர்களிடம், ராஜாஜி சேலம் நகராட்சிக்கும் பெரியார் ஈரோடு நகராட்சிக்கும் தலைவராக இருந்ததைச் சொல்லி வாயடைத்தார். அவர்களோடு என்னை வைத்துப் பார்க்கும் அளவுக்கு எனக்குப் புத்தி கெடவில்லை. ஆனாலும் சார், அன்றைக்கு அது ரொம்பத் தெம்பாக இருந்தது.

வார்டு மக்களுக்கு ஒரு தகவல். இடைத்தேர்தல் நடந்து புது கவுன்சிலர் வரும்வரை, முடியாமல் இருக்கும் மனுக்களின் பட்டியலை நகராட்சி ஆணையரிடம் கொடுத்திருக்கிறேன், ஒரு நகல் என்னிடம் இருக்கிறது. கடைசித் தெரு குழாய் வேலையும் அதில் உண்டு. வாழ்த்துச் சொல்ல வருபவர்கள் பேனர், சால்வை எதுவும் வேண்டாம். பழைய மனு இருந்தால் அதன் எண்ணையும் தேதியையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் முன்னாள் வார்டு கவுன்சிலர்