‘முதல் பாட்டு எது?’ என்று கேட்காதீர்கள்: மும்பைத் தமிழ் விழாக் குழுக்களுக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய விழாக் குழுவினருக்கு,

வணக்கம். தாராவி, மாட்டுங்கா, செம்பூர், முலுண்ட், டோம்பிவிலி என்று தமிழர் கூடும் இடங்களில் பொங்கலுக்கும் சித்திரைக்கும் நடக்கும் விழாக்களில், பட்டிமன்றத்துக்கு அடுத்தபடி கூட்டம் கலையாமல் உட்காருவது பழைய சினிமா வினாடி வினாவுக்குத்தான். சண்டை வருவதும் அதில்தான். நடுவர் கையிலிருக்கும் அட்டையைப் பார்த்து ஒரு விடை சொல்வார். மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்து வேறொன்று சொல்வார். பெரும்பாலும் பெரியவர் சொல்வதே சரியாக இருக்கும். நடுவரைக் குறை சொல்லிப் பயனில்லை. கேள்வியே ஓட்டையாக இருந்தால் அவர் என்ன செய்வார்?

வாட்ஸ்அப்பில் சுற்றும் ‘பழைய சினிமா 100 கேள்விகள்’ வகையறாவை அப்படியே எடுத்து அச்சடிப்பதை இந்த ஆண்டோடு நிறுத்துங்கள் என்று கேட்டுக்கொள்ளவே இந்த மடல்.

எல்லா மேடையிலும் தவறாமல் வரும் கேள்வி ஒன்று: ‘எஸ்.பி. பாலசுப்ரமணியம் தமிழில் பாடிய முதல் பாட்டு எது?’ அட்டையில் எம்.ஜி.ஆரின் ‘அடிமைப் பெண்’ படத்தில் வரும் ‘ஆயிரம் நிலவே வா’ என்று இருக்கும். ஆனால் எம்.எஸ். விஸ்வநாதன் இசையில் எல்.ஆர். ஈஸ்வரியோடு ‘ஹோட்டல் ரம்பா’ படத்துக்கு அவர் அதற்கு முன்பே பாடிவிட்டார்; அந்தப் படம் வெளிவரவே இல்லை. அடுத்து ‘சாந்தி நிலையம்’ படத்தின் ‘இயற்கை என்னும் இளைய கன்னி’. 1969 மே 1 அன்று ‘அடிமைப் பெண்’ முந்திக்கொண்டு திரைக்கு வர, ‘சாந்தி நிலையம்’ அதே மாதக் கடைசியில் வந்தது. ஒலிப்பதிவான முதல் பாட்டா, பதிவாகி வெளியும் வந்த முதல் பாட்டா, ஜனங்கள் காதில் முதலில் விழுந்த பாட்டா? மூன்றுக்கும் விடை ஒன்றல்ல. இதையே ‘எம்.ஜி.ஆருக்கு எஸ்.பி.பி. பாடிய முதல் பாட்டு’ என்று மாற்றிக் கேட்டுப் பாருங்கள். யாரும் எழுந்து நிற்க மாட்டார்கள். ‘முதல்’, ‘கடைசி’ என்ற சொல் வந்தாலே எதில் முதல், எந்தக் கணக்கில் கடைசி என்று கேள்விக்குள்ளேயே சொல்லிவிட வேண்டும்.

இந்த ஊருக்கே உரிய ‘முதல்’ ஒன்று இருக்கிறது; அதைத்தான் ஒருவரும் கேட்பதில்லை. தமிழின் முதல் பேசும் படம் என்று சொல்லப்படும் ‘காளிதாஸ்’ பம்பாயில், அர்தேஷிர் இரானியின் இம்பீரியல் நிறுவனத்தில் எடுக்கப்பட்டது. இயக்கியவர் எச்.எம். ரெட்டி, நாயகி டி.பி. ராஜலட்சுமி, வெளியான நாள் 1931 அக்டோபர் 31. அதே இரானியின் ‘ஆலம் ஆரா’ 1931 மார்ச் 14-ல் கிர்காவ் மெஜஸ்டிக் தியேட்டரில் வந்திருந்தது. ஸ்டூடியோவுக்குப் பக்கத்தில் ரயில் பாதை இருந்ததால் வண்டிச் சத்தம் ஓய்ந்த நடு இரவில்தான் ‘ஆலம் ஆரா’ படப்பிடிப்பு நடந்தது. தினமும் லோக்கலில் போகிற பிள்ளைகளுக்கு இது நன்றாகவே புரியும். ஆனால் ‘முழுக்கத் தமிழே பேசிய முதல் படம்’ என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். ‘காளிதாஸ்’ படத்தில் நாயகி தமிழும் நாயகன் தெலுங்கும் பேசினார்கள். இதோடு சேர்த்துக் கேட்க அருமையான கேள்வி: இந்தி, தமிழ், தெலுங்கு மூன்றிலும் முதல் பேசும் படத்தில் நடித்தவர் யார்? எல்.வி. பிரசாத். தெலுங்குப் படம் ‘பக்த பிரகலாதா’. அதன் ஆண்டைக் கேட்க வேண்டாம். வெகுகாலம் 1931 என்றே எழுதி வந்தார்கள். பிறகு 1932 பிப்ரவரி 6 என்று திருத்தினார்கள். பழைய புத்தகம் படித்தவரும் புதுக் கட்டுரை படித்தவரும் உங்கள் மேடையிலேயே மோதிக்கொள்வார்கள்.

வண்ணப் படத்திலும் இதே கதை. மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ (1956) தமிழின் முதல் முழுநீள வண்ணப் படம், கேவாகலர் என்ற வண்ண முறையில் எடுத்தது. ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ (1959) டெக்னிகலரில் வந்த முதல் தமிழ்ப் படம். நடுவில் ‘நாடோடி மன்னன்’ (1958) பாதி கறுப்பு வெள்ளை, பிற்பகுதி வண்ணம். ‘முழுநீள’ என்ற சொல்லையும் கலரின் பெயரையும் விட்டுவிட்டால் மூன்று அணியும் மதிப்பெண் கேட்கும்.

விருது ஆண்டுகளில் இன்னொரு வழுக்கல். தேசிய விருது படத்தின் ஆண்டுக்குத் தரப்படுகிறது, கையில் கிடைப்பதோ பிறகு. பின்னணிப் பாடகிக்கான முதல் தேசிய விருது பி. சுசீலாவுக்கு, ‘உயர்ந்த மனிதன்’ படத்தின் ‘பால் போலவே’ பாட்டுக்கு. அது 1968-க்கான விருது. அதே ஆண்டு, பாடலாசிரியருக்கான முதல் தேசிய விருது ‘குழந்தைக்காக’ படத்துக்காகக் கண்ணதாசனுக்கு. முந்தைய ஆண்டு, இசையமைப்பாளருக்கான முதல் தேசிய விருது ‘கந்தன் கருணை’ படத்துக்காக கே.வி. மகாதேவனுக்கு. இந்த மூன்று ‘முதல்’களும் தமிழுக்கு வந்தவை என்பதே பலருக்குத் தெரியாது. ‘1968-ஆம் ஆண்டுக்கான விருது’ என்று எழுதுங்கள். ‘1968-ல் வாங்கினார்’ என்று எழுதாதீர்கள். சிவாஜிக்குக் ‘கட்டபொம்மன்’ வாங்கித் தந்தது தேசிய விருது அல்ல. 1960-ல் கெய்ரோவில் நடந்த ஆசிய ஆப்பிரிக்கப் பட விழாவின் விருது.

பாடலாசிரியர் பெயர்தான் எல்லாவற்றிலும் அதிகம் புரளும் இடம். எம்.ஜி.ஆர். தத்துவப் பாட்டென்றால் கண்ணை மூடிக்கொண்டு பட்டுக்கோட்டை என்றோ வாலி என்றோ போட்டுவிடுகிறார்கள். ‘தூங்காதே தம்பி தூங்காதே’ பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம், சரி. ‘அச்சம் என்பது மடமையடா’ (‘மன்னாதி மன்னன்’, 1960) கண்ணதாசன். ‘நான் ஆணையிட்டால்’ (‘எங்க வீட்டுப் பிள்ளை’, 1965) வாலி. சந்தேகம் வந்தால் ஒரு எளிய சோதனை உண்டு: பட்டுக்கோட்டை 1959 அக்டோபர் 8-ல், 29 வயதில் மறைந்துவிட்டார். அதற்குச் சில ஆண்டுகள் கழித்து வந்த படத்தின் பாட்டில் அவர் பெயர் இருந்தால் அட்டையைத் திருப்பி அனுப்புங்கள். இந்தச் சோதனையை உடும்புப் பிடியாகவும் பிடிக்கக் கூடாது. கண்ணதாசன் மறைந்தது 1981 அக்டோபர் 17. ‘கண்ணே கலைமானே’ வந்த ‘மூன்றாம் பிறை’ 1982. எழுதிக் கொடுத்துவிட்டுப் போன பாட்டு பிறகும் வரும்.

ஆதாரம் எங்கே பார்ப்பது? படத்தின் டைட்டிலில் பாடலாசிரியர்கள் பெயரெல்லாம் ஒரே மொத்தமாகப் போயிருக்கும். எந்தப் பாட்டு யாருடையது என்று அதிலிருந்து பிரிக்க முடியாது. அந்த நாளில் தியேட்டர் வாசலில் விற்ற பாட்டுப் புத்தகம் இதற்கு நல்லது. கதைச் சுருக்கத்தைப் பாதியில் நிறுத்தி ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று முடிக்குமே, அதுவேதான். ஆனால் அது ரிலீஸுக்கு முன்பே அச்சாகிவிடும். கடைசி நேரத்தில் வெட்டின பாட்டு புத்தகத்தில் இருக்கும், படத்தில் இருக்காது. இசைத்தட்டின் லேபிளையும் வேதவாக்காகக் கொள்ள முடியாது: ‘மஹல்’ (1949) படத்தின் ‘ஆயேகா ஆனேவாலா’ முதலில் வந்த தட்டில் பாடியவர் என்று லதா மங்கேஷ்கர் பெயர் இல்லை, கதாபாத்திரத்தின் பெயரான காமினி என்றுதான் இருந்தது. ஆகவே இரண்டு ஆதாரமாவது ஒத்துப்போக வேண்டும். பிலிம் நியூஸ் ஆனந்தன் தொகுத்த தமிழ்த் திரைப்பட வரலாறு ஒரு பிரதி சங்கத்தின் அலமாரியில் இருப்பது நல்லது. சென்னை ரோஜா முத்தையா நூலகத்தில் பாட்டுப் புத்தகங்கள் இருக்கின்றன. புனேயின் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் நமக்குச் சில மணி நேரப் பயணம்தான். இரண்டு ஆதாரமும் மோதினால், ஊரே சண்டை போட்ட விஷயமாக இருந்தால், அந்தக் கேள்வியை எடுத்துவிடுங்கள். ‘பாட்டும் நானே’ எழுதியது கண்ணதாசனா கா.மு. ஷெரீப்பா என்ற விவகாரத்தை விழா மேடையில் தீர்க்க முடியாது.

அடுத்து, பாட்டுத் துண்டைப் போட்டுக் கண்டுபிடிக்கச் சொல்லும் சுற்று. கூத்து முழுக்க இங்கேதான்.

டிவியிலிருந்தோ டிவிடியிலிருந்தோ துண்டு எடுக்காதீர்கள். திரைப்படம் நொடிக்கு 24 பிரேம் ஓடுகிறது. நம் நாட்டு டிவி முறை நொடிக்கு 25. அந்த வேகத்துக்கு மாற்றும்போது பாட்டு 4 சதவீதம் வேகமாகி, சுருதி அரைக் கட்டைக்குச் சற்றுக் குறைவாக ஏறிவிடும். சாதாரணக் காதுக்குத் தெரியாது. சங்கீதம் கற்ற பெண் பிள்ளை ஒன்று அணியில் இருந்தால் ‘இது வேறு யாரோ பாடினது போலிருக்கிறதே’ என்று தயங்கும். ராகம் கேட்டால் பாதகமில்லை, சுருதி மாறினாலும் ராகம் மாறாது. ஆனால் எத்தனை கட்டை என்று கேட்டீர்களோ, தொலைந்தது. படத்தின் நீளமும் இப்படித்தான். 35 எம்.எம். பிலிம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். 16,200 அடி என்றால் 3 மணி நேரம். அதே படம் 25 பிரேம் வேகத்துக்கு மாற்றிய டிவிடியில் 2 மணி 53 நிமிடம் காட்டும். நீளம் கேட்டே ஆகவேண்டுமென்றால் தணிக்கைச் சான்றிதழில் உள்ள அளவை வைத்துக் கேளுங்கள்.

நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் பழைய இசைத்தட்டின் 10 அங்குலப் பக்கம் ஒன்றில் ஏறக்குறைய மூன்றேகால் நிமிடம்தான் அடங்கும். அதனால் பழைய பாட்டுகளில் படத்தில் வரும் சரணம் தட்டில் இருக்காது, தட்டில் இருக்கும் முன்னிசை படத்தில் குறைந்திருக்கும். ‘எத்தனை சரணம்’ என்ற கேள்வி ஆகாது.

துண்டு 10 முதல் 12 நொடி இருக்கட்டும். 5 நொடிக்குள் விடை வரும் என்று நினைக்கிறீர்கள். டைல்ஸ் போட்ட மண்டபத்தின் எதிரொலியில் முதல் 3 நொடி வீண். பாடகர் வாயெடுப்பதற்கு அரை நொடி முன்னால் வெட்டுங்கள். மண்டப ஆம்ப்ளிபயரில் பல சமயம் ஒரு சேனல்தான் இணைந்திருக்கும். ஸ்டீரியோ பாட்டில் வலப்பக்கம் ஒதுக்கிய புல்லாங்குழல் மறைந்து, வெறும் தாளம் கேட்கும். எல்லாவற்றையும் மோனோவாக்கி, ஒலியளவையும் சமப்படுத்திவிடுங்கள். ப்ளூடூத் வேண்டாம், வயர் போதும். நடுவில் யாருடைய மாமியாரோ போன் செய்வார்.

கோப்பின் பெயரைப் பாட்டின் பெயராக வைப்பதுதான் மிகப் பெரிய அசட்டுத்தனம். ப்ளே அழுத்தியதும் பின்னால் ப்ரொஜக்டர் திரையில் ‘சிங்கார வேலனே’ என்று எழுத்துப் பூர்வமாக விடை ஓடும். 01, 02 என்று எண் போடுங்கள். கோப்புக்குள் பதிந்த படப் பெயரையும் அட்டைப் படத்தையும் அழித்துவிடுங்கள். சொல்லப்போனால் ‘சிங்கார வேலனே’ போன்ற பாட்டுக்குப் பாடியவரைக் கேட்பதே வீண், எஸ். ஜானகி என்று பாட்டியும் சொல்லும் பேரனும் சொல்லும். நாதஸ்வரம் யார் என்று கேளுங்கள். காருகுறிச்சி அருணாசலம். ‘தில்லானா மோகனாம்பாள்’ என்றால் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். சினிமா ஞானத்துக்கும் கூகுள் ஞானத்துக்கும் வித்தியாசம் தெரிவது இங்கேதான்.

மும்பைப் பிள்ளைகளுக்குத் தமிழை விட இந்திப் பாட்டு நாக்கில் முந்தும். ‘சின்னச் சின்ன ஆசை’ முன்னிசையைப் போட்டால் பாதிப் பேர் ‘தில் ஹை சோட்டா ஸா’ என்பார்கள். இசை ஒன்றே, பாடியவரும் மின்மினியே. மதிப்பெண் உண்டா இல்லையா என்பதை விழாவுக்கு முன்பே முடிவு செய்து அறிவித்துவிடுங்கள். இதையே ஒரு சுற்றாகவும் ஆக்கலாம்: ‘காதலிக்க நேரமில்லை’ (1964) ‘பியார் கியே ஜா’ (1966) ஆனது, ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ (1962) ‘தில் ஏக் மந்திர்’ (1963) ஆனது, ஏவி.எம்.மின் ‘வாழ்க்கை’ (1949) ‘பஹார்’ (1951) ஆகி வைஜயந்திமாலாவை இந்திக்குக் கொண்டுபோனது. ‘ராம் அவுர் ஷ்யாம்’ (1967) மட்டும் வழுக்கும். ‘எங்க வீட்டுப் பிள்ளை’தான் மூலம் என்று சத்தியம் செய்வார்கள், இரண்டுக்குமே தாய் தெலுங்கின் ‘ராமுடு பீமுடு’ (1964). பாடகர்களிலும் இப்படி இந்திக்குப் போனவர் உண்டு: வேலூரில் பிறந்த வாணி ஜெயராமை இந்திக்கு அறிமுகம் செய்தது வசந்த் தேசாய் இசையில் ‘குட்டி’ (1971).

ஆகவே எங்கள் வேண்டுகோள் இது. சுற்றுக்கு 8 கேள்வி என்றால் 11 தயாராக இருக்கட்டும். ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே மூன்று கட்டம்: விடை, ஆதாரம், ஏற்கக்கூடிய மாற்று விடை. மூன்றாவது கட்டம் காலியாக இருக்கும் கேள்விகளையே இருமுறை படியுங்கள். அட்டையை விழாவுக்கு 10 நாள் முன்னதாகக் கேள்வி எழுதாத இருவரிடம் கொடுங்கள். அவர்களில் ஒருவர், போன தடவை மூன்றாவது வரிசையிலிருந்து எழுந்தாரே, அந்தப் பெரியவராக இருக்கட்டும்.

இப்படிக்கு,
விழாக்களுக்குக் கேள்வி தயாரித்துத் தரும் சிலர்,
மாட்டுங்கா, செம்பூர், டோம்பிவிலி